ஆங்கிலத்தில் ஒரு மனு: எப்போது, எங்கே, எவ்வளவு என்பதைத் துல்லியமாகச் சொல்வது எப்படி?



ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில்கள். அதே தொழிலில் விபத்து நடந்துவிட்டால், கண்ணீர் காய்வதற்குள் வீட்டுக்குக் காகிதங்கள் வரத் தொடங்கிவிடும். காவல் நிலையத்தில் வாக்குமூலம், காப்பீட்டுப் படிவம், இழப்பீட்டு மனு, பணம் பெற்றதற்கான ரசீது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்துக் கேட்பார்கள்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் தமிழிலேயே மனு கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர் திங்கட்கிழமை நடத்தும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் தமிழ் மனுவே போதும். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் படிவமும், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாக்கலாகும் பிரமாணப் பத்திரமும், வளைகுடா வேலைக்கான ஒப்பந்தமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்லும் பொறுப்பு வீட்டில் பிளஸ் டூவோ கல்லூரியோ படிக்கும் பிள்ளையின் தலையில் விழுகிறது.

அந்தப் பிள்ளை பள்ளியில் ‘அட்வெர்பியல் ஃப்ரேஸ்’ என்ற பாடத்தைப் படித்திருக்கும். தமிழில் இதை வினையடைத் தொடர் என்கிறோம். ஒரு செயல் எப்போது நடந்தது, எங்கே நடந்தது, எப்படி, ஏன், எந்த அளவுக்கு நடந்தது என்று சொல்லும் சிறு சொற்கூட்டம் இது. தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறும் இந்தச் சின்ன விஷயம், ஒரு குடும்பத்தின் உரிமையைத் தீர்மானிக்கும் இடங்களும் உண்டு. அவற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மார்க்கம் காட்டும் வழி

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. குறித்த ஒரு தவணைக்குக் கடன் கொடுத்து வாங்கினால் அதை எழுதிக்கொள்ளுமாறு அது கட்டளையிடுகிறது. தொகை சிறியதானாலும் பெரியதானாலும் தவணையுடன் எழுதுவதில் சோர்ந்துவிடக் கூடாது என்றும் சொல்கிறது. ‘கொடுத்தேன்’, ‘வாங்கினேன்’ என்ற வினையோடு நின்றுவிடாமல், ‘எதுவரை’ என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் பேரீச்சம் பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பாகவே பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவ்வாறு முன்பணம் கொடுப்பவர் அளவும் எடையும் தவணையும் தெளிவாகத் தெரிந்த நிலையில்தான் கொடுக்க வேண்டும் என்று நபியவர்கள் நெறிப்படுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. வியாபாரம் அங்கே தடை செய்யப்படவில்லை. பிணக்கு வரக்கூடிய தெளிவின்மைதான் நீக்கப்பட்டது.

ஒரு வாக்கியம், நான்கு கேள்விகள்

ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘மை பிரதர் வாஸ் இன்ஜூர்ட்.’ அதாவது, என் தம்பி காயமடைந்தான். இலக்கணப்படி சரியான வாக்கியம்தான். ஆனால் இதைப் படிக்கும் அதிகாரிக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை.

இப்போது நான்கு கேள்விகளைக் கேட்போம்.

எப்போது? ‘அட் அபவுட் 11.30 ஏ.எம். ஆன் 4 மார்ச்.’ மார்ச் 4 அன்று முற்பகல் சுமார் பதினொன்றரை மணிக்கு.

எங்கே? ‘இன் த மிக்ஸிங் ரூம்.’ மருந்து கலக்கும் அறையில்.

எந்த நிலையில்? ‘டியூரிங் ஹிஸ் ஷிஃப்ட்.’ தன் வேலை நேரத்தின்போது.

யார் சொன்னதன்பேரில்? ‘ஆன் த இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் ஆஃப் த போர்மேன்.’ போர்மேன் சொன்னதன்பேரில்.

வினை ஒன்றுதான். ஆனால் நான்கு தொடர்கள் சேர்ந்ததும் அது விசாரித்து உறுதிப்படுத்தக்கூடிய தகவலாகிவிடுகிறது. வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாம், அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்கலாம், போர்மேனை விசாரிக்கலாம். உள்குத்தகைக்கு விடப்பட்ட ஆலைகளில் ‘யாரிடம் வேலை பார்த்தார்’ என்பதே சிக்கலாகிவிடும் என்பதால், கடைசிக் கேள்விக்கான பதிலுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

சட்டத்தையே தாங்கி நிற்கும் தொடர்

தொழிலாளர் இழப்பீடு தொடர்பான 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் ஒரு தொடர் வருகிறது: ‘அரைசிங் அவுட் ஆஃப் அண்ட் இன் த கோர்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மென்ட்.’ நூறு ஆண்டுகளாக இழப்பீட்டு வழக்குகள் இந்தச் சில சொற்களைச் சுற்றியே நடந்து வந்திருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே சொற்களை எடுத்துக்கொண்டுள்ளது.

இதில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ‘இன் த கோர்ஸ் ஆஃப்’ என்றால், வேலை நடந்துகொண்டிருந்தபோது விபத்து நேர்ந்திருக்க வேண்டும். இது நேரத்தையும் இடத்தையும் பற்றிய கேள்வி. ‘அரைசிங் அவுட் ஆஃப்’ என்றால், அந்த வேலையின் காரணமாக விபத்து நேர்ந்திருக்க வேண்டும். இது காரணத்தைப் பற்றிய கேள்வி. நடுவில் ‘அண்ட்’ இருப்பதால் இரண்டும் தேவை. வேலை நேரத்தில், ஆலைக்குள்ளேயே இருவர் சொந்தப் பகையால் அடித்துக்கொண்டு ஒருவர் காயமடைந்தால், முதல் நிபந்தனை நிறைவேறினாலும் இரண்டாவது கேள்விக்குறியாகிவிடும். மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தால் இரண்டும் நிறைவேறுகின்றன.

எனவே மனு எழுதும்போது ‘ஆலையில் காயமடைந்தார்’ என்று மட்டும் எழுதுவது பாதி வேலை. எந்த வேலையைச் செய்தபோது, எதனால் என்பதையும் எழுத வேண்டும். அது நடந்தபடியே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் வைத்து வேலை செய்தபோது நடந்த விபத்தை ஆலைக்குள் நடந்ததாக எழுதிக் கொடுப்பது பொய் சாட்சியம். அது பெரும்பாவங்களில் ஒன்று. முதல் விசாரணையிலேயே உடைந்து, உண்மையான உரிமையையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

‘க்குள்’ வேறு, ‘வரை’ வேறு

நேரத்தைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்களில் தடுமாறுபவர்களுக்குத் தமிழே நல்ல துணை.

‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள். ‘அண்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை வரை. ‘ஐ வில் ஸ்டே அண்டில் ஃப்ரைடே’ என்பது வெள்ளி வரை தங்குவேன் என்பது. ‘ஐ வில் பே பை ஃப்ரைடே’ என்பது வெள்ளிக்குள் ஒரு தடவை கொடுத்து முடிப்பேன் என்பது. தமிழில் ஒருபோதும் நாம் இவற்றைக் குழப்புவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது, மனத்தில் ஓடுவது ‘க்குள்’ளா ‘வரை’யா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

‘வித்தின்’ என்பதும் ‘க்குள்’தான். ஆனால் அது நாளுக்குப் பதிலாகக் கால அளவோடு சேரும். ‘வித்தின் டூ இயர்ஸ்’ என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, விபத்து நடந்த நாளிலிருந்தோ, இறப்பு எனில் இறந்த நாளிலிருந்தோ இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் இடம் உண்டு என்றாலும், ‘எந்த நாளிலிருந்து’ என்பதைக் கவனிக்காமல் விட்டவர்கள் அலைய நேரிடும்.

‘இன் டூ வீக்ஸ்’ என்பதில் எச்சரிக்கை தேவை. பேச்சில் அது இரண்டு வாரம் கழித்து என்ற பொருளையும் தரும், இரண்டு வாரத்துக்குள் என்ற பொருளையும் தரும். எழுத்தில் ‘வித்தின்’ என்றோ ‘ஆஃப்டர்’ என்றோ எழுதிவிடுவது நல்லது.

நம் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை ‘சின்ஸ் டூ இயர்ஸ்’. ‘இரண்டு வருடமாக’ என்பதை அப்படியே மாற்றுவதால் இது வருகிறது. தொடங்கிய நாளைச் சொன்னால் ‘சின்ஸ் 2022’. கால அளவைச் சொன்னால் ‘ஃபார் டூ இயர்ஸ்’.

வளைகுடா ஒப்பந்தங்களில் ‘ஃபார் டூ இயர்ஸ்’ என்று மட்டும் இருந்தால், எந்த நாளிலிருந்து என்று கேளுங்கள். கையெழுத்திட்ட நாளிலிருந்தா, அங்கு போய் இறங்கிய நாளிலிருந்தா என்பதைப் பொறுத்து, ஊர் திரும்பும் தேதி மாறிவிடும்.

இரண்டு மணி நேரமும் எட்டு முதல் பத்தும்

பட்டாசு வட்டாரத்துக்கே நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ‘ஃப்ரம்... டில்... ஒன்லி’ என்ற சொற்கள் எந்த நெகிழ்வுக்கும் இடம் தரவில்லை. தமிழ்நாட்டில் தீபாவளி அதிகாலையில் கொண்டாடப்படும் பண்டிகை என்று மாநில அரசு முறையிட்டது. அதன்பின் அக்டோபர் 30 அன்று, நேரத்தை மாநிலம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மொத்தம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதன்படி காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

‘எட்டு முதல் பத்து வரை’ என்பதும் இரண்டு மணி நேரம்தான். ‘இரண்டு மணி நேரம்’ என்பதும் அதே அளவுதான். ஆனால் முதலாவது எந்த இரண்டு மணி நேரம் என்பதைக் கட்டிப்போடுகிறது, இரண்டாவது அளவை மட்டும் கட்டிப்போடுகிறது. இந்த வேறுபாட்டைத் தீர்க்கவே நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு மீண்டும் ஒரு முறை போக வேண்டியிருந்தது.

தொடரை எங்கே வைக்கிறோம்?

சரியான தொடரைத் தவறான இடத்தில் வைத்தாலும் பொருள் மாறிவிடும். இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

‘த போர்மேன் டோல்ட் அஸ் ஆன் மண்டே டு லீவ் த ரூம்.’ இது, அறையை விட்டு வெளியேறும்படி போர்மேன் திங்களன்று சொன்னார் என்பது.

‘த போர்மேன் டோல்ட் அஸ் டு லீவ் த ரூம் ஆன் மண்டே.’ இது, திங்களன்று வெளியேறும்படி சொன்னார் என்றும் பொருள்படும்.

எச்சரிக்கை எப்போது தரப்பட்டது என்பது விசாரணையில் பெரிய கேள்வி. சொன்ன நாளா, வெளியேற வேண்டிய நாளா என்ற குழப்பம் ஒருவரைக் குற்றவாளியாகவும் ஆக்கலாம், தப்பிக்கவும் விடலாம். ஒரே விதிதான்: எந்த வினையைப் பற்றிய தொடரோ, அந்த வினைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வாக்கியத்தை இரண்டாக உடைத்து எழுதிவிடலாம்.

தெரிந்த அளவை மட்டும் சொல்வது

துல்லியம் என்றால் எல்லாவற்றையும் அடித்துச் சொல்வது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில், நமக்குத் தெரிந்த அளவுக்கு மேலும் போகாமல், கீழும் போகாமல் சொல்வதே துல்லியம். கடிகாரத்தைப் பார்க்காதவர் ‘எக்ஸாக்ட்லி அட் 11.32’ என்று எழுதினால் அது துல்லியம் ஆகாது. ‘அட் அபவுட் 11.30’ என்பதுதான் அவருடைய துல்லியம்.

யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள் வரலாற்றை நினைத்துப் பாருங்கள் (12:81). இளைய சகோதரரின் மூட்டையிலிருந்து அரசரின் அளவுக் குவளை எடுக்கப்பட்டது. அதை மட்டும்தான் அவர்கள் பார்த்தார்கள். அதை அங்கே வைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தந்தையிடம் போய் மகன் திருடிவிட்டான் என்று சொல்லும்போது, தாங்கள் அறிந்ததற்கு மட்டுமே சாட்சி சொல்வதாகவும், மறைவானதைக் காப்பவர்கள் அல்ல என்றும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார் மூத்தவர். அந்தத் தம்பி திருடவில்லை என்பது பிறகு தெரியவந்தது. அவர்கள் சேர்த்துச் சொன்ன அந்த வரையறைதான் உண்மை வெளிவர இடம் விட்டது.

ஆங்கிலத்தில் இதற்கான தொடர்கள் இவை: ‘டு த பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்’, அதாவது நான் அறிந்தவரை, ‘அக்கார்டிங் டு த டாக்டர்’, மருத்துவர் சொன்னபடி, ‘ஆஸ் ஃபார் ஆஸ் ஐ குட் சீ’, என் கண்ணுக்குத் தெரிந்தவரை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆவது கட்டளையும், பிரமாணப் பத்திரத்தில் சொந்த அறிவால் நிரூபிக்கக்கூடியதையே சொல்ல வேண்டும் என்கிறது. இடைக்கால மனுக்களில் மட்டும், நம்பிக்கையின்பேரில் சொல்வதை, அதற்கான காரணத்தோடு சொல்ல அனுமதிக்கிறது. கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதே இரண்டின் சாரமும்.

இது வாட்ஸ்அப்புக்கும் பொருந்தும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காயமடைந்தவர்கள் மருத்துவமனைகளில் இறக்க இறக்க அந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் உயர்ந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எண்ணிக்கையை மட்டும் அனுப்பினால் மறுநாள் அது பொய்யாகிவிடும். ‘ஆஸ் ஆஃப் 4 பி.எம்.’, அதாவது மாலை நான்கு மணி நிலவரப்படி என்று சேர்த்தால் அது எப்போதும் உண்மையாகவே இருக்கும். வரும் செய்தியை விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு சொல்லும் வசனத்தை (49:6) நடைமுறைப்படுத்த, ‘யார் சொன்னது, எப்போது நிலவரம்’ என்ற இரண்டு தொடர்களையாவது சேர்ப்போமே.

கையெழுத்துக்கு முன் தேட வேண்டிய தொடர்கள்

எழுதுவதைவிட முக்கியமானது படிப்பது. பின்வரும் தொடர்கள் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திப் பொருள் கேளுங்கள்.

‘இன் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’: முழுமையாகவும் இறுதியாகவும் கணக்கு முடிந்தது. ஈமச் செலவுக்குக் கொடுத்த சிறு தொகையின் ரசீதில் இது இருந்தால், இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பதாகும். வாங்கியது முன்பணமே என்றால் ‘ஆஸ் பார்ட் பேமென்ட்’ அல்லது ‘ஆஸ் இன்டெரிம் ரிலீஃப்’ என்று திருத்தி எழுதச் சொல்ல வேண்டும்.

‘வித்தவுட் ப்ரெஜுடிஸ் டு மை ரைட்ஸ்’: என் மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி. பணத்தைப் பெற்றுக்கொள்ளும்போதே உரிமையையும் தக்கவைத்துக்கொள்ள இத்தொடர் உதவும்.

‘அப் டு ஃபைவ் லேக்ஸ்’: அதிகபட்சம் ஐந்து லட்சம். ஐந்து லட்சம் கிடைக்கும் என்பது இதன் பொருள் அல்ல. குறைந்தது ஐந்து லட்சம் என்றால் ‘அட் லீஸ்ட்’ அல்லது ‘நாட் லெஸ் தேன்’ என்று இருக்க வேண்டும்.

‘சப்ஜெக்ட் டு’: இதற்கு உட்பட்டு. இதற்குப் பின்னால் வருவதுதான் நிபந்தனை. அதைப் படிக்காமல் முன்னால் உள்ளதை நம்ப வேண்டாம்.

தெரியாமல் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களும் மனம் தளர வேண்டாம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்றது. 8-ஆவது பிரிவு, இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்த வேண்டும், குடும்பத்தாரிடம் நேரடியாகக் கொடுப்பது இழப்பீடாகக் கருதப்படாது என்றது. உங்கள் விஷயத்தில் எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும், தொழிற்பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்கான சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது.

வீட்டிலேயே பழகலாம்

இதற்கு டியூஷன் தேவையில்லை. மக்தபிலிருந்து வரும் பிள்ளையிடம் அன்று நடந்த ஒன்றை ஒரே ஆங்கில வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு எப்போது, எங்கே, எப்படி, உனக்கு எப்படித் தெரியும் என்ற நான்கையும் கேளுங்கள். பதில்களை அதே வாக்கியத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் பழகினால் பிள்ளைக்கு இலக்கணமும் வரும், உண்மையை அளந்து சொல்லும் பழக்கமும் வரும். ஆங்கிலம் தெரியாத அத்தாவும் அம்மாவும் தமிழிலேயே கேள்வி கேட்கலாம்.

‘இன்ஷா அல்லாஹ்’ என்று நாம் தினமும் சொல்கிறோம். நாளை ஒன்றைச் செய்வதாகச் சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்பதைச் சேர்த்தே சொல்லுமாறு அல்குர்ஆன் (18:23, 24) கற்றுத்தருகிறது. அதுவும் நம் சொல்லுக்கு எல்லை வகுக்கும் ஒரு தொடர்தான். ஆனால் தேதி சொல்லாமல் நழுவுவதற்கு அதைப் பயன்படுத்துவது சரியல்ல. ‘வெள்ளிக்கிழமைக்குள் தந்துவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்வதே கடன் கொடுத்தவருக்கும் நீதி, அல்லாஹ்வின் நாட்டத்துக்கும் பணிவு.

ஈமான் கொண்டவர்கள் நேர்மையான சொல்லையே சொல்ல வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (33:70). தமிழில் பேசினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் அந்தக் கட்டளை ஒன்றுதான். அறிந்ததை அறிந்த அளவில் சொல்லவும், நம் உரிமையையும் பிறர் உரிமையையும் காக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! விபத்துகளில் உறவுகளை இழந்து நிற்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் பொறுமையையும் நீதியையும் தருவானாக! ஆமீன்.